சிறு கையும் அளவுக் கோப்பையும்

குழந்தை கைவிட்டுத் துழாவிய கூழ் பெற்றவருக்கு எப்படி இனிக்கும் என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். அந்தக் குறளைக் கேட்டிராத தமிழர் குறைவு. ஆனால் அது பெற்றவரின் இன்பத்தைப் பேசுகிற குறள். கூழில் கைவிட்ட குழந்தைக்கு என்ன கிடைத்தது என்று அது சொல்லவில்லை. இன்று மைதா மாவில் கைவிடும் குழந்தையை வைத்து அந்த மறுபக்கத்தைப் பார்க்கலாம்.

2020 ஊரடங்கில் பள்ளியும் பேக்கரியும் ஒன்றாக மூடிக் கிடந்தபோது நம் வீடுகளில் கேக் வெந்தது. ஓவன் இல்லாதவர்கள் குக்கரின் அடியில் உப்பையோ மணலையோ பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, நடுவில் ஒரு ஸ்டாண்டு வைத்துச் சமாளித்தார்கள். ஊரடங்கு போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. கோடை முகாம்களிலும் மழலையர் பள்ளிகளிலும்கூடக் குழந்தைகளுக்குக் கேக் செய்யச் சொல்லித் தருகிறார்கள். கூடவே ஒரு வாக்குறுதியும் வருகிறது: கேக் செய்தால் கணக்கு வரும், அறிவியல் வரும், பொறுமை வரும், காய்கறிகூட உள்ளே போகும். இதில் எது கண்டறியப்பட்டது, எது நம் ஆசை?

திருத்த முடியாத சமையல்

குழந்தைகள் சமைப்பது நமக்குப் புதிதல்ல. மணலைச் சோறாக்கி விளையாடும் விளையாட்டுக்குச் சிறுசோறு என்று பழைய இலக்கியமே பெயர் வைத்திருக்கிறது. சொப்புச் சாமானும் கூட்டாஞ்சோறும் அதன் வாரிசுகள். புதிதாக வந்தது அடுப்புதான். நம் சமையலறை ஆவியையும் எண்ணெயையும் நம்பி வளர்ந்தது. நாலு பக்கமும் மூடிய வறண்ட சூடு கடைக்காரர் சொத்தாக இருந்தது. ஈழத்தில் பாண் அன்றாட உணவாகி, பேக்கரிக்கு வெதுப்பகம் என்று நல்ல தமிழ்ப் பெயரும் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் சில பெயர்ப்பலகைகளில் அடுமனை என்று இருக்கும். வாயில் வருவது பேக்கரிதான்.

அடுப்பு மாறியதோடு சமைக்கும் முறையும் மாறுகிறது. சாம்பாரில் உப்புக் குறைந்தால் போடலாம், கூடினால் உருளைக்கிழங்கைப் போட்டு ஒப்பேற்றலாம். ருசி பார்த்து, கண்ணால் அளந்து, கடைசி நிமிடம்வரை திருத்திக்கொண்டே போவது நம் சமையல். கேக் மாவை 180 டிகிரி சூட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. முப்பத்தைந்து நிமிடம் கழித்து அது தீர்ப்பைச் சொல்லும். அளவு என்பது ஏன் வேண்டும் என்று ஒரு சிறு பிள்ளைக்குக் காட்ட இதைவிடத் தெளிவான இடம் வீட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சமையலறைக்குள் வந்த கல்வியாளர்கள்

சமையலைப் பாடமாக எடுத்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் ஜான் டூயி. 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய சோதனைப் பள்ளியில் தச்சு, நெசவு, சமையல் மூன்றும் பாடத்திட்டத்தின் நடுவில் இருந்தன. அங்கே பிள்ளைகள் முட்டை வேகவைத்த கதையை ‘பள்ளியும் சமூகமும்’ என்ற 1899ஆம் ஆண்டு நூலில் எழுதியிருக்கிறார். எந்தச் சூட்டில் வெள்ளைக்கரு எப்படி மாறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளைக்கு அலுத்துப்போய்விட்டது. சமையல் புத்தகத்தைப் பார்த்துச் செய்துவிட்டுப் போகலாமே என்றது. அந்தப் புத்தகத்துக்கு அந்தக் குறிப்பு எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். டூயியின் கல்விக் கொள்கை மொத்தமும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில், தொழிலாளர் குழந்தைகளுக்காகத் தன் முதல் பள்ளியைத் திறந்தார். தண்ணீர் ஊற்றுவது, துடைப்பது, நறுக்குவது, பரிமாறுவது ஆகியவை அங்கே விளையாட்டுச் சாமானில் நடக்கவில்லை. உடையக்கூடிய நிஜப் பாத்திரத்தில், குழந்தையின் கைக்கு ஏற்ற அளவில் நடந்தன. 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலத்தில் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் இருந்தார். இன்று நம் நகரங்களில் தெருவுக்கு ஒரு மாண்டிசோரிப் பலகை தொங்குவதற்கு அந்தப் பழைய வருகைக்கும் பங்குண்டு. பலகை இருக்கும் எல்லா இடத்திலும் நிஜக் கத்தியும் நிஜக் கண்ணாடிக் குவளையும் இருக்கின்றனவா என்பது வேறு விஷயம்.

இருவரும் வேறு வேறு பாதையில் வந்து ஒரே இடத்தில் நிற்கிறார்கள்: வேலை நிஜமாக இருக்க வேண்டும். குழந்தை தப்புச் செய்தால் அது பொருளிலேயே தெரிய வேண்டும், பெரியவர் முகத்தில் அல்ல.

கணக்கு வருமா?

பேக்கிங்கின் பெரிய வாக்குறுதி கணக்குதான். அதை எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்தே பார்க்கிறேன். அக்காவின் மகளுக்கு நாலரை வயது, அவள் அண்ணனுக்கு ஏழு. ஒரே மாவைத் தராசில் வைத்துச் சரி பாதியாகப் பிரித்து, ஒன்றை அகலத் தட்டிலும் மற்றதை ஒடுக்கமான உயரக் கிண்ணத்திலும் ஊற்றினேன். சின்னவள் உடனே உயரக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். “சித்தி, இதுலதான் நிறைய இருக்கு. இது எனக்கு!” அண்ணன் சிரித்துவிட்டான். “ரெண்டும் ஒண்ணுதாண்டி. சித்தி எடை போட்டுத்தான ஊத்துனாங்க?” அவள் கேட்பதாக இல்லை. அவள் கண்ணுக்கு நிறைய தெரிகிறது, அவ்வளவுதான்.

உளவியலாளர் ஜீன் பியாஜே சென்ற நூற்றாண்டில் விளக்கிய பொருள்மாறாமை இதுதான். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது பல குழந்தைகளுக்கு ஏழு வயதை ஒட்டித்தான் பிடிபடுகிறது. நாலரை வயதில் அதை விளக்கிப் பயனில்லை. ஆனால் மாவை ஊற்றி ஊற்றிப் பார்த்த கைக்கு ஒருநாள் அது தானாக விளங்கும்.

எண் தெரியாத குழந்தைக்கும் ஏற்ற கேக் ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் அதைப் பவுண்ட் கேக் என்பார்கள்: மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நாலும் ஒவ்வொரு பவுண்டு. பிரெஞ்சுக்காரர் வைத்த பெயருக்கு ‘நாலு கால்’ என்று பொருள், நாலும் கால் பங்கு. இரட்டைத் தட்டுத் தராசின் ஒரு பக்கம் மூன்று முட்டையை ஓட்டோடு வையுங்கள். மறுபக்கம் தட்டு சமமாகும்வரை மாவை அள்ளிப் போடச் சொல்லுங்கள். அடுத்தது வெண்ணெய், அடுத்தது சர்க்கரை. ஒரு எண்ணைக்கூட உச்சரிக்காமல் குழந்தை ஒரு விகிதத்தைக் கையால் செய்துவிடுகிறது.

அடுத்த படி பின்னம். இதில் தமிழுக்குப் பழைய சொத்து உண்டு. கால், அரை, முக்கால் மட்டுமா? அரைக்கால் எட்டில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று, முந்திரி முன்னூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இவற்றைத் தலைகீழாகச் சொல்வார்கள். முகத்தல் அளவையும் இரட்டித்துக்கொண்டே போகும்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. இன்று கடையில் வாங்கும் கால் கப், அரைக் கப், ஒரு கப் வரிசை நம் பாட்டிமார் வைத்திருந்த உழக்கின் உறவுக்காரர்தான். ‘கால் கப்பில் எத்தனை தடவை ஊற்றினால் இது நிறையும்?’ என்று கேட்டுவிட்டு ஊற்றவிடுவது போதும்.

இதெல்லாம் பள்ளிக் கணக்காக மாறுமா? இங்கேதான் நிதானம் வேண்டும். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பண்டம் விற்ற சிறுவர்களை டெரெசின்யா கராஹெர் குழுவினர் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம். நாற்பது ஆண்டு கழித்து, 2025இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் பார்த்ததும் இதுவே. பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள் என்பது அதன் மறுபாதி. சந்தையும் வகுப்பறையும் தாமாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒருவர் நின்று பாலம் போட வேண்டும். சமையலறைக் கணக்கும் அப்படித்தான்: கப்பை நிரப்பிய கை, பிறகு அதையே 1/4 என்று எழுதியும் பார்க்க வேண்டும். கேக் மட்டும் செய்தால் கணக்கு வந்துவிடாது.

சோடா உப்பு சொன்ன பாடம்

அறிவியல் பக்கம் நிலைமை கொஞ்சம் மேல். காரணம், தப்பு அங்கே வாய்க்கே வந்து சேர்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவன் தானே எல்லாம் போடுவேன் என்றான். ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட வேண்டிய இடத்தில் சாப்பாட்டுக் கரண்டியால் ஒன்று போட்டான். பார்த்தும் நான் தடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் கேக் விளிம்புக்கு மேல் எழும்பி நின்றது. “சித்தி, கேக் தொப்பி போட்டிருக்கு!” என்று ஓவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு குதித்தான். இருபதாவது நிமிடம் நடு பொத்தென்று உள்ளே விழுந்தது. வெளியே எடுத்தபோது கருஞ்சிவப்பு. ஒரு விள்ளல் வாயில் போட்டவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “சோப்பு!” என்றான்.

நடந்தது இவ்வளவுதான். சோடா உப்பு தயிரின் புளிப்போடு சேர்ந்து கரியமில வாயுவை விடுகிறது. அளவாக இருந்தால் சிறு குமிழ்கள் மாவுக்குள் அடைபட்டு, முட்டையும் மாவும் சூட்டில் இறுகும்போது அப்படியே நின்றுவிடும். மிஞ்சினால் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, சுவர் இறுகுமுன் உடைந்துவிடும். புளிப்புக்குச் செலவாகாத மிச்ச சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறி, அந்தச் சோப்பு ருசியைத் தரும். நிறத்தையும் கூடுதலாகச் சிவக்க வைக்கும். அன்று இதில் பாதிகூட நான் விளக்கவில்லை. அடுத்த முறை அவன் குறிப்பை எடுத்து, “சின்ன ஸ்பூன், சின்ன ஸ்பூன்” என்று உரக்கப் படித்தான். எழுத்தைக் கூட்டிப் படிக்க அழுகிற பிள்ளை அன்று படித்ததற்கு ஒரு தேவை இருந்தது.

இந்தப் பாடத்துக்குக் கேக்தான் வேண்டும் என்றில்லை. இட்லி மாவும் வாயுவால்தான் பொங்குகிறது. அங்கே சோடாவின் வேலையை நுண்ணுயிர்கள் செய்கின்றன. கண்ணாடி ஜாடியில் மாவை ஊற்றி, மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு போட்டு வைத்தால், காலையில் மாவு எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று குழந்தையே அளந்துவிடும். சித்திரையில் ஏறியதையும் மார்கழியில் ஏறியதையும் சுவரில் குறித்து வைத்தால் அது ஓர் ஆய்வேடு.

பொறுமை யாருடையது?

ஓவனுக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருப்பது பொறுமையை வளர்க்கும் என்பார்கள். காத்திருத்தலைப் பற்றிப் பேசினாலே வால்டர் மிஷெலின் மார்ஷ்மெல்லோ சோதனை வந்துவிடும். ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும், காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாக வந்தார்கள் என்பது அதன் புகழ். 2018இல் டைலர் வாட்ஸ் குழுவினர் இன்னும் பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கியது. அதற்கு முன்பே, 2013இல், செலஸ்ட் கிட் குழுவினர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் இன்னொன்றைக் காட்டினார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரிடம் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை ஏமாற்றியவரிடம் மூன்று நிமிடம்தான்.

அப்படியானால் கேக் தரும் பொறுமை ஓவனிலிருந்து வருவதல்ல. ‘பெரிய முள் எட்டுக்கு வந்ததும் குச்சி குத்திப் பார்க்கலாம், நீதான் குத்தணும்’ என்று சொன்னவர் எட்டுக்கு வந்ததும் குச்சியைக் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் பேசிக்கொண்டே தானே குத்திப் பார்த்துவிட்டால், அன்றைக்குக் கற்றது வேறு பாடம்.

வயிற்றுக்குள் என்ன போகிறது

தானே செய்ததைக் குழந்தை சாப்பிடும் என்பது ஓரளவு ஆதாரம் உள்ள நம்பிக்கை. சுவிட்சர்லாந்தில் 6 முதல் 10 வயதுவரையான 47 பிள்ளைகளை வைத்து நடந்த, 2014இல் வெளியான ஆய்வில், பெற்றோரோடு சேர்ந்து சமைத்தவர்கள் மற்றவர்களைவிட முக்கால் பங்கு கூடுதலாகச் சாலட் சாப்பிட்டார்கள். அதே பிள்ளைகள் மொத்தக் கலோரியும் ஏறக்குறையக் கால் பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆய்வை நடத்தியது ஓர் உணவு நிறுவனத்தின் ஆய்வு மையம் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சாலட்டுக்கு நல்லது கேக்குக்கும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை. சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நாலைந்து வயதுப் பிள்ளைக்குப் பத்து சதவீதம் என்பது சுமார் 30 கிராம், ஆறேழு டீஸ்பூன். ஒரு பெரிய துண்டுக் கேக்கே அதை முடித்துவிடும். ஆகவே வாரம் ஒரு கேக் என்று கணக்கு வைப்பதைவிட, ஒருமுறை கேக், மறுமுறை ரொட்டி, பிறகு கேழ்வரகு பிஸ்கட், இடையில் சப்பாத்தி, கொழுக்கட்டை என்று சுற்றிவருவது உடம்புக்கும் நல்லது, கைக்கும் புதிது.

உதவியா, தொந்தரவா?

இத்தனை ஆய்வுகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பவை கணக்கைப் பற்றியவை அல்ல. 2006இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும், பதினெட்டு மாதக் குழந்தைகள் முன்பின் தெரியாதவருக்குக்கூடக் கேட்காமலே உதவ ஓடிவருவதைக் காட்டினார்கள். கீழே விழுந்த துணி கிளிப்பை எடுத்துத் தருகிறது, கை நிறையப் பத்திரிகைகள் வைத்திருப்பவருக்கு அலமாரிக் கதவைத் திறக்கிறது. 2008இல் அவர்களே கண்ட இன்னொன்று: உதவியதற்குப் பொம்மை பரிசு கொடுத்துப் பழக்கிய குழந்தைகள் பிறகு குறைவாகவே உதவின.

பார்பரா ரோகாஃப் என்ற ஆய்வாளர் குவாத்தமாலாவின் மாயன் சமூகத்தில் பல ஆண்டுகள் பார்த்தது இதோடு சேர்கிறது. அங்கே குழந்தைகளுக்கென்று தனியாகச் ‘செயல்பாடு’ வைப்பதில்லை. வீட்டு வேலை நடக்கும் இடத்தில் குழந்தை இருக்கிறது, பார்க்கிறது, முடிந்ததில் கைகொடுக்கிறது. நம் வீட்டிலும் முறுக்குப் பிழியும் நாளில் இதுதான் நடந்தது. அச்சைப் பிடித்தது பாட்டி, துணியில் வட்டம் சுற்றப் பார்த்தது நாம். கோணலாக விழுந்ததும் எண்ணெயில் வெந்தது, தட்டில் வந்தது.

மாவைக் கொட்டிவிடுவாள், நேரம் இழுக்கும் என்று இரண்டு வயதுக்காரியைச் சமையலறையிலிருந்து தூக்கி வெளியே விடுகிறோம். எட்டு வயதில், ஒரு டம்ளர்கூட எடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள் என்று குறைப்படுகிறோம். பேக்கிங் இந்த இடைவெளியை அடைக்கக்கூடும். ஆனால் அதற்கு அது வேலையாக இருக்க வேண்டும். கைபேசியை நிறுத்தி வைத்து, ஏப்ரன் கட்டி, ரீல் எடுத்து, மாவைக் கலக்கியது அம்மா, மேலே ஜெம்ஸ் தூவியது குழந்தை என்றால், குழந்தை அங்கே நடிக்கத்தான் கற்கிறது.

யாருடைய பிள்ளை, யாருடைய வேலை

வீட்டு வேலையே கல்வி என்று சொல்லும்போது தமிழ்நாட்டில் ஒரு பழைய காயம் வலிக்கும். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வி என்று பெயர் சூட்டித் தந்தை பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். காமராசர் முதல்வரானதும் 1954இல் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு வைத்த கேள்வி இன்றும் செல்லும்: யாருடைய பிள்ளைக்கு எந்த வேலை கல்வி?

வசதியான வீட்டில் ஏழு வயதுச் சிறுமி மாவு பிசைந்தால் திறன் வளர்ச்சி. அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரின் ஏழு வயது மகள் தன் வீட்டில் சோறு வடித்தால் அதற்குப் பெயரே கிடையாது. கஞ்சி வடிக்கும் பிள்ளைக்கும் அளவு தெரியும், சூடு தெரியும், காத்திருத்தல் தெரியும். அவளுக்கு இல்லாதது, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும், அவள் கை அறிந்ததை எழுத்தாகவும் எண்ணாகவும் மாற்றித் தர உட்காரும் ஒரு பெரியவரும். பள்ளிக்கு மேல் இது கூடுதலாக வரும்போது கற்றல். பள்ளிக்குப் பதிலாக வந்தால் சுமை.

ஆண் பெண் கணக்கும் உண்டு. 2019ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஒரு நாளில் ஊதியமில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் 81 சதவீதம், ஆண்கள் 26 சதவீதம். செய்தவர்களிலும் பெண்களுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97. சொப்புச் சாமான் பெண் குழந்தைக்கு என்று வாங்கிக் கொடுத்ததில் தொடங்குகிறது இந்தக் கணக்கு. கேக்குக்கு நம் வீடுகளில் இன்னும் பெண் வேலை என்ற முத்திரை விழவில்லை. பையன்கள் கூச்சமில்லாமல் உள்ளே வரும் வாசல் அது. உள்ளே வந்தவனிடம் கேக்குக்குப் பிறகு பாத்திரத்தையும் தேய்க்கச் சொல்ல வேண்டும்.

கைக்கு ஏற்ற வேலை

வயதுக்கு ஏற்பப் பிரித்தால் தொந்தரவு குறைகிறது. இரண்டு வயதில் கழுவவும் கிளறவும், அளந்து வைத்ததைக் கொட்டவும் முடியும். மூன்று நாலில் சலிக்கலாம், வாழைப்பழம் மசிக்கலாம், கேக் தட்டுக்கு வெண்ணெய் தடவலாம். ஐந்தாறில் முட்டை உடைப்பார்கள். தனிக் கிண்ணத்தில் உடைக்கவிட்டால் ஓட்டுத் துண்டைப் பொறுக்குவது சுலபம். ஏழுக்கு மேல் குறிப்பைப் படித்து எடை போடலாம். அனல் பெரியவர் பொறுப்பு. ஓவன் கதவு, குக்கர் மூடி இரண்டிலும் சின்னக் கை படக் கூடாது.

வழித்த கிண்ணத்தை நக்கக் கொடுப்பது பாசம்தான், ஆனால் வேண்டாம். பச்சை முட்டையில் சால்மோனெல்லா இருக்கலாம். வேகாத மாவும் சுத்தமென்று நம்ப முடியாது. 2009இல் அமெரிக்காவில் வேகாத குக்கி மாவைச் சாப்பிட்டுப் பலர் ஈ.கோலை தொற்றால் விழுந்தார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு முழு முந்திரி, பாதாம் தொண்டையில் சிக்கும், பொடித்துப் போடலாம்.

இனித் தொகுத்துப் பார்த்தால், வாக்குறுதிகள் ஒரே எடையில் இல்லை. சாப்பிட்டுப் பார்க்கும் துணிவுக்கு ஆதாரம் உண்டு, சிறிய அளவில். உதவும் மனத்தை, குலைக்காமல் இருந்தாலே காப்பாற்றலாம். கணக்கும் அறிவியலும் கூட நிற்பவர் கேட்கும் கேள்வியைப் பொறுத்தவை. பொறுமை முதலில் பெரியவருக்கு வர வேண்டும். இவற்றில் எதற்கும் ஓவன் கட்டாயமில்லை. ஓவன் சேர்ப்பது ஒன்றுதான்: அளவு தவறினால் சமாளிக்க முடியாது என்ற கண்டிப்பு.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தோம். அம்மா கொழுக்கட்டைக்கு மாவு எடுத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிக்கொண்டு, “எத்தனை கிராம் பாட்டி?” என்றாள். அறுபது வருடமாகக் கண்ணால் அளப்பவளுக்குச் சிரிப்பு வந்தது. “என் கைக்கு ரெண்டு கை” என்று காட்டினாள். சின்னவள் தன் கையைப் பார்த்தாள், பாட்டி கையைப் பார்த்தாள். “அப்ப என் கைக்கு?” பாட்டிக்குத் தெரியவில்லை. மாவைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு, “நீயே போடு, பாத்துரலாம்” என்றாள். ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிப் போட்டாள். பாட்டி தலையசைத்தபோது ஐந்தரை.